பெயரின் விலை

2016-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மனி நாட்டு நெக்கர்சுல்ம் நகரத்திலுள்ள ஒரு கம்பெனி தன் பெயரை மாற்றிக்கொண்டது. முப்பத்துமூன்று ஆண்டுகளாகக் ‘குவாட்ரோ’ என்று வழங்கிவந்த அந்நிறுவனம் அதுமுதல் ‘ஔடி ஸ்போர்ட்’ என்று அழைக்கப்படலாயிற்று. ஔடி என்னும் மோட்டார்க் கம்பெனிக்கு முழுவதும் உரிமையான கிளை நிறுவனம் அது. வேகமும் ஆற்றலும் மிக்க கார்களைத் தனியே உருவாக்கித் தருவது அதன் பணி. தொழிலாளரும், யந்திரங்களும், கார்களும் முன்போலவே இருக்கப் பெயர் மட்டும் மாறிற்று.

இதில் பேசத்தக்கது என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கடைக்காரர் ஒருவர் பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிய பலகையை மாட்டுவதுபோன்ற காரியம்தானே இது எனத் தோன்றும். ஆனால் வியாபார உலகில் ஒரு பெயருக்காகப் பல கோடிகள் கைமாறியிருக்கின்றன; வழக்குகள் நடந்திருக்கின்றன; ஒருவர் தம் சொந்தப் பெயரையே தம் தொழிலுக்கு இட முடியாமல் போனதும் உண்டு. பொருளை விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே ஒரு பெயர் என்ன வேலை செய்கிறது என்பதை இந்த ஒரு கம்பெனியின் வரலாற்றைக் கொண்டே ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

ஔடி என்ற பெயர் பிறந்ததே ஒரு மொழிபெயர்ப்பால்தான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தியில் தனி ஈடுபாடு உண்டு. ஆகஸ்ட் ஹோர்ச் என்ற பொறியியல் வல்லுநர் 1899-இல் தம் பெயராலேயே ஒரு மோட்டார்க் கம்பெனியைத் தொடங்கினார். பின்னர் நிர்வாகத்தினருடன் கருத்து வேற்றுமை ஏற்பட்டு, 1909-இல் அதிலிருந்து விலகினார். அதே ஸ்விக்காவ் நகரில் மற்றொரு கம்பெனியை நிறுவி, அதற்கும் தம் பெயரையே இட்டார். பழைய கம்பெனியார் வழக்குத் தொடுத்தனர். ஹோர்ச் என்ற பெயர் முதற்கம்பெனிக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. தந்தை வழியே வந்த பெயரை மனிதர் தம் வாழ்க்கையில் வைத்துக்கொள்ளலாம். தாம் செய்யும் காரின்மேல் பொறிக்கலாகாது என்பது இதன் முடிவு.

‘ஹோர்ச்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு ‘கேள்’ என்பது பொருள். புதிய பெயரைப் பற்றி ஆலோசிப்பதற்காக நண்பர் ஒருவர் வீட்டில் கூடியபொழுது, அங்கே பாடம் படித்துக்கொண்டிருந்த அவர் மகன், அதே பொருள் தரும் லத்தீன் சொல்லை எடுத்துக்கொடுத்தான் என்று சொல்லப்படுகிறது. அச்சொல்தான் ‘ஔடி’. 1910-இல் கம்பெனி அப்பெயரைப் பூண்டது. நீதிமன்றத்தின் ஆணை மீறப்படவில்லை. உரிமையாளரின் பெயரும் ஒருவகையில் நிலைத்தது. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். சொல்லின் பொருள் மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்ததே தவிர, ஹோர்ச் என்ற பெயர் பத்தாண்டுகளில் ஈட்டிய நம்பிக்கை வந்து சேரவில்லை. ஔடி அதனை முதலிலிருந்து தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெயரின் விலை எங்கே இருக்கிறது என்பதற்கு இதுவே முதற்சான்று. அது சொல்லின் ஓசையிலோ அகராதிப் பொருளிலோ இல்லை. அப்பெயர் தாங்கிய பொருள் முன்பு எவ்வாறு உழைத்தது என்று மக்கள் மனத்தில் பதிந்துள்ள நினைவிலே இருக்கிறது. கார் வாங்குகிறவர்களுள் எத்தனை பேர் அதன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துத் தரம் காண வல்லவர்? பிறர் பட்டறிவையும் தம் பட்டறிவையும் சுருக்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உதவும் கருவி பெயர் ஒன்றே.

நற்பெயர் நிலைப்பதுபோல, ஒரு பெயரோடு ஒட்டிய பழைய எண்ணமும் எளிதில் விலகுவதில்லை. 1932-இல் ஔடி, ஹோர்ச், டி.கே.டபிள்யூ., வாண்டரர் என்னும் நான்கு கம்பெனிகள் ஒன்றுகூடி ‘ஆட்டோ யூனியன்’ ஆயின. இன்றும் ஔடி கார்களின் முகப்பில் காணப்படும் நான்கு வளையங்கள் அந்த நால்வரைக் குறிப்பவை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஔடி என்ற பெயர் வழக்கொழிந்து, டி.கே.டபிள்யூ. பெயரே முன்னின்றது. அப்பெயரைக் கேட்டதும் மக்களுக்கு நினைவு வந்தது, புகைகக்கும் இரு வீச்சு எஞ்சின். 1965-இல் நான்கு வீச்சு எஞ்சின் பொருத்திய புதிய கார் ஒன்று வெளிவரவிருந்தது. பழைய பெயரிலேயே அதனை விற்றால் எஞ்சினும் பழையதே என்று மக்கள் கருதக்கூடும். ஆதலின் உறங்கிக்கிடந்த ஔடி என்ற பெயரைத் தட்டியெழுப்பினர். நல்ல பொருளுக்கு ஒரு பெயர் துணையாவதுபோலவே தடையாகவும் ஆகலாம் என்பதை இது காட்டும்.

இனிக் குவாட்ரோவுக்கு வருவோம். இத்தாலிய மொழியில் அதற்கு ‘நான்கு’ என்று பொருள். 1980-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவா கண்காட்சியில் ஔடி கம்பெனியார் அப்பெயரில் ஒரு காரை வெளியிட்டனர். எஞ்சினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து செல்வது அதன் சிறப்பு. அந்நாள்வரை இத்தகைய அமைப்பு பெரும்பாலும் ஜீப்புகளுக்கும் லாரிகளுக்கும் உரியதாக இருந்தது. பனியிலும் சேற்றிலும் சரளைக்கல் பாதையிலும் நடைபெறும் ‘ராலி’ப் பந்தயங்களில் இந்தக் கார் பிறவற்றைப் பின்தள்ளி ஓடியது. 1981-இல் இத்தாலியின் சான் ரெமோ பந்தயத்தில் மிஷெல் மூத்தோன் என்ற பிரெஞ்சு மங்கை இதனை ஓட்டி வென்றார். உலக ராலிப் பந்தயம் ஒன்றில் வெற்றி பெற்ற முதற்பெண்மணி அவரே. 1982-இலும் 1984-இலும் தயாரிப்பாளருக்குரிய உலகப் பட்டம் ஔடிக்குக் கிடைத்தது. வெறும் எண்ணுப்பெயராக இருந்த சொல், வழுக்கும் பாதையிலும் பிடி தளராத வண்டி என்ற பொருளைப் பெற்றது.

இப்பெயருக்கு மதிப்பு வந்ததும் அதனைக் காப்பதற்கு ஏற்பாடு வேண்டியதாயிற்று. 1983-இல் குவாட்ரோ கம்பெனி நிறுவப்பட்டதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று. அப்பெயர் பொறித்த துணைப்பொருள்களை விற்பதும் அதன் தொடக்ககாலப் பணி. 1996 முதல் அக்கம்பெனி தானே கார் தயாரிப்பாளரும் ஆயிற்று. நாளடைவில் ஒரே சொல் இருவேறு பொருள்களைச் சுமக்க நேர்ந்தது. சாதாரணக் குடும்பக் காரிலும் நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அதன்மேல் ‘குவாட்ரோ’ என்று எழுதியிருக்கும். பந்தயக் காரை ஒத்த வேகமான கார்களைச் செய்யும் கம்பெனிக்கும் அதே பெயர். மற்றொரு புறம், கம்பெனியின் பந்தயப் பிரிவு ‘ஔடி ஸ்போர்ட்’ என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டிருந்தது.

2016-இல் நிகழ்ந்த பெயர் மாற்றம் இந்த மயக்கத்தைத் தீர்த்தது. குவாட்ரோ என்ற சொல் நான்கு சக்கர இயக்கத்துக்கே உரியதாயிற்று. வேகக் கார்களைச் செய்யும் நிறுவனம் பந்தயத்தை நினைவூட்டும் பெயரைப் பெற்றது. மறு ஆண்டே இதன் பயன் விளங்கிற்று. 2017-இல் அந்நிறுவனம் பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் ஆர்-8 கார் ஒன்றை வெளியிட்டது. ‘நான்கு’ என்று பெயர் பூண்ட கம்பெனி இரண்டு சக்கர இயக்கமுள்ள காரை விற்றிருந்தால், அதன் பெயரே அதன் பொருளை மறுத்திருக்கும் அல்லவா?

பெயருக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி 1998-இல் இங்கிலாந்தில் நடந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் கார் கம்பெனியை வோக்ஸ்வாகன் நிறுவனம் 43 கோடிப் பவுன் கொடுத்து வாங்கியது. க்ரூ நகரத்துத் தொழிற்சாலையும், பென்ட்லி என்ற பெயரும், காரின் முன்னே நிற்கும் சிறகு விரித்த பெண்ணுருவின் உரிமையும் அதன் கைக்கு வந்தன. ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயர், விமான எஞ்சின் செய்யும் மற்றொரு கம்பெனியின் உடைமையாக இருந்தது. அக்கம்பெனி அதனைப் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கு 4 கோடிப் பவுனுக்கு அளித்தது. முடிவில் உடன்பாடு ஏற்பட்டு, 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் கார்களைச் செய்யும் உரிமை பி.எம்.டபிள்யூ. கைக்குப் போயிற்று. சுவரும் யந்திரமும் ஒருவரிடம், பெயர் மற்றொருவரிடம் என்று ஆனபொழுது, வாங்குவோரின் மனம் பெயர் சென்ற வழியே சென்றது.

எனினும், பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று கொள்வதும் பிழை. ஜப்பானின் நிஸ்ஸான் கம்பெனி வெளிநாடுகளில் ‘டாட்சன்’ என்ற பெயரால் புகழ் பெற்றிருந்தது. அக்கம்பெனி 1981-இல் அப்பெயரைக் கைவிட முடிவு செய்து, சில ஆண்டுகளில் எங்கும் நிஸ்ஸான் என்ற ஒரே பெயரை நிலைநாட்டியது. பல ஆண்டுகள் கழித்து, 2013-இல், விலை குறைந்த காருக்கென்று அந்தப் பழைய பெயரை மீட்டுப் புதுடில்லியில் அறிமுகம் செய்தார்கள். சென்னையை அடுத்த ஒரகடத்தில் அக்கார்கள் செய்யப்பட்டன. ஆனால் 2022-இல் அப்பெயர் மீண்டும் கைவிடப்பட்டது. பிற நாடுகளில் ஒரு தலைமுறைக்கு முன் ஈட்டிய புகழை, அதனை அறியாத புதிய வாடிக்கையாளரிடம் செலவழிக்க இயலவில்லை. புதுப்பிக்கப்படாத நினைவு, செல்லாத நாணயம் போன்றது.

நம் நாட்டுச் சட்டமும் இந்த உண்மையை ஒட்டியே அமைந்துள்ளது. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி பதிவு செய்த பெயருக்குப் பத்தாண்டுகள் பாதுகாப்பு உண்டு, மேன்மேலும் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவு செய்தபின் ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால், பட்டியலிலிருந்து அதனை நீக்கும்படி பிறர் கோர இடமுண்டு. பதிவு செய்யாத பெயரானாலும், பிறர் அதனைப் போலியாகக் கையாண்டு மக்களை ஏமாற்றினால் வழக்குத் தொடரலாம். எனினும் அங்கே தன் நற்பெயரை மெய்ப்பிக்கும் சுமை வழக்காடுபவருடையது. கணக்கியல் விதியோ மற்றொரு வியப்பைத் தருகிறது. ஒரு நிறுவனம் தானே உழைத்து வளர்த்த பெயரை அதன் சொத்துக் கணக்கில் காட்ட விதி இடந்தருவதில்லை. பிறரிடமிருந்து விலைக்கு வாங்கிய பெயரையே காட்டலாம். பெருங்கம்பெனியின் மிகப் பெரிய செல்வம், அதன் ஏடுகளில் ஒரு ரூபாயாகக்கூட எழுதப்படாமல் இருக்கக்கூடும்.

இவை யாவும் கோடீசுவரர்களுக்கு மட்டும் உரிய செய்திகளல்ல. சிறிய நகரத்தில் ஊறுகாயோ, ஊதுவத்தியோ, கைத்தறிச் சேலையோ செய்து தன் பெயரில் விற்கும் குடும்பத்துக்கும் அப்பெயர் ஒரு சொத்து. கூட்டாளிகள் பிரியும்பொழுதும் பாகப்பிரிவினையின்பொழுதும் கட்டடத்தையும் சரக்கையும் கணக்கிடுகிறார்கள். பெயர் யாருக்கு என்பதை எழுதிவைக்க மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் ஹோர்ச்சுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரலாம். தொழில் நடத்துவோர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்வதும், அதன் உரிமை யாருடையது என்று எழுத்தில் வரையறுத்துக்கொள்வதும், அப்பெயரை நம்பி வாங்குவோருக்கு முன்பு கொடுத்த தரத்தையே நாளையும் கொடுப்பதும் இன்றியமையாதவை. முன்னிரண்டுக்கும் சட்டம் துணை நிற்கும். மூன்றாவதை அவரவரே செய்துகொள்ள வேண்டும்.