முறத்தில் சிக்கும் லித்தியம்-11

இயற்கையில் கிடைக்கும் லித்தியத்தின் அணுக்கருவில் 3 புரோட்டான்கள், அவற்றோடு 3 அல்லது 4 நியூட்ரான்கள் இருக்கும். லித்தியம்-11 என்ற அரிய கருவிலோ அதே 3 புரோட்டான்களோடு 8 நியூட்ரான்கள். அதன் அரை ஆயுள் நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எந்தப் பாறையைத் தோண்டினாலும் கிடைக்காத இதை எப்படிப் பிடித்து அளந்தார்கள்?

உரலில் அரிசி இடித்து நொய் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உலக்கை விழுந்தால் முழு அரிசி, குருணை, நொய், மாவு எல்லாம் கலந்துதான் கிடக்கும். ஒரே அளவு நொய்யாகக் கொடு என்று உலக்கையிடம் கேட்க முடியாது. வேண்டியதை எடுத்துத் தருபவை முறமும் சல்லடையும். அரிய கருக்களை எடுப்பதும் இப்படித்தான். செய்திகள் முடுக்கியின் பிரம்மாண்டத்தையே பாடுகின்றன. என் கணிப்பில் இந்த ஆய்வின் உயிர் முறத்தில் இருக்கிறது.

முதலில் இடிப்பு. 1985-இல் முடிவுகளை வெளியிட்ட இசாவோ தனிஹாட்டாவின் குழு, அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த பெவலாக் முடுக்கியில் நியான்-20 கருக்களை ஒளியின் வேகத்தில் எண்பது விழுக்காட்டுக்கும் மேலாக ஓடவிட்டு ஒரு தகட்டில் மோதச் செய்தது. நியான்-20-இல் 10 புரோட்டான், 10 நியூட்ரான். மோதலில் 7 புரோட்டான்களும் 2 நியூட்ரான்களும் மட்டும் உதிர்ந்தால் மிஞ்சுவது லித்தியம்-11. அப்படி உடைவது மிக மிக அபூர்வம். இங்கே உரலுக்கும் முடுக்கிக்கும் ஒரு பெரிய வேறுபாடு: அரிசியே பறந்து வந்து உலக்கையில் மோதுகிறது. உடைந்த துண்டுகளும் ஏறக்குறைய அதே வேகத்தில், அதே திசையில் தொடர்ந்து ஓடுகின்றன. நூறு மீட்டர் கடக்க அரை மைக்ரோ நொடிகூட ஆகாது. ஆகவே லித்தியம்-11 சிதைவதற்குள் அதைப் பிரித்தெடுக்கத் தாராளமாக நேரம் உண்டு.

அடுத்தது முறம். கொழிக்கும்போது கனமானது ஒரு பக்கமும் லேசானது மறுபக்கமும் ஒதுங்குகிறதே, அந்த வேலையை இங்கே காந்தங்கள் செய்கின்றன. ஒரே வேகத்தில் வரும் துண்டுகள் காந்தப்புலத்தில் எவ்வளவு வளையும் என்பதை நிறைக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள விகிதம் முடிவு செய்கிறது. லித்தியம்-7-க்கு அந்த விகிதம் 2.33, லித்தியம்-11-க்கு 3.67. விகிதம் பெரிதென்றால் வளைவு குறைவு. வேண்டிய வளைவுப் பாதையில் ஓர் இடுக்கை வைத்தால் மற்றவற்றில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் அரிசியின் எடையே உள்ள கல்லை முறம் ஒதுக்காது. அதேபோல் விகிதம் நெருங்கியிருக்கும் கருக்களும் கூடவே வந்துவிடும். பெரிலியம்-14-இன் விகிதம் 3.5. அதனால் இன்றைய பிரிப்பான்களில் ஒரு சல்லடையும் சேர்ந்திருக்கிறது: ஆப்பு வடிவ உலோகத் தகடு. அதைக் கடக்கும் கரு இழக்கும் ஆற்றல் அதன் மின்னேற்றத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. லித்தியத்துக்கு 9 என்றால் பெரிலியத்துக்கு 16. கூடுதலாக இழந்தது வேகம் குன்றி, அடுத்த காந்தத்தில் வேறு பாதைக்குப் போய்விடுகிறது. பிறகும் ஒட்டிக்கொண்டு வருவனவற்றைப் பறக்கும் நேரத்தையும் உணர்கருவியில் விட்டுச்செல்லும் ஆற்றலையும் பார்த்து ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்கள்.

இனி அளவெடுப்பு. இந்தக் கருவின் மேல் அளவுகோலை வைக்க முடியாது. லித்தியம்-11 வரும் வழியில் கார்பன் போன்ற இன்னொரு தகட்டை வைத்து, முன்னால் எத்தனை வந்தன, பின்னால் எத்தனை முழுசாக வெளியேறின என்று எண்ணினார்கள். பெரிய கரு என்றால் மோதி உடைவது அதிகம். இழப்பின் கணக்கே அளவைச் சொல்லிவிடும். லித்தியம்-9-ஐவிட 2 நியூட்ரான்கள் மட்டுமே கூடுதல் என்பதால் ஆரம் ஏழு விழுக்காடுபோல வளர்ந்திருக்க வேண்டும். சுமார் முப்பது விழுக்காடு வளர்ந்திருந்தது! அணுக்கரு இயற்பியலில் இதைவிட எளிமையான, இதைவிட அழகான அளவீட்டை நான் படித்ததில்லை.

காரணத்தை 1987-இல் ஹான்சனும் யோன்சனும் கோட்பாடாக முன்வைத்தார்கள். வழக்கமான கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பிய்க்க 6 முதல் 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படும். லித்தியம்-11-இன் கடைசி இரண்டையும் சேர்த்துப் பிய்க்கவே 0.37 போதும். பிடி இவ்வளவு தளர்ந்திருந்தால் குவாண்டம் விதிப்படி அவை கருவின் எல்லைக்கு வெளியே வெகுதூரம் பரவியிருக்கும். இதற்கு ஒளிவட்டக் கரு என்று பெயர். லித்தியம்-10 நிலைக்காது, இரண்டு நியூட்ரான்கள் மட்டும் சேர்ந்தும் நிலைக்காது. லித்தியம்-9-உம் அந்த இரண்டும் சேர்ந்த மூவர் கூட்டு மட்டும் நிலைக்கிறது.

ஒரு தனிமம் எத்தனை நியூட்ரான்களைத்தான் தாங்கும்? ஃப்ளூரினுக்கு 31, நியானுக்கு 34 என்ற நிறை எண்களே கடைசி என்று ஜப்பானின் ரைக்கன் ஆய்வகத்தில் நடந்த சோதனை 2019-இல் உறுதிசெய்தது. அங்கேயே சோடியம்-39-உம் பின்னர் தென்பட்டது. சோடியத்துக்கு அதுதான் எல்லையா என்பது முடிவாகவில்லை. 2022-இல் மிச்சிகனில் தொடங்கப்பட்ட அரிய ஐசோடோப்பு ஆய்வகமும் இந்தத் தேடலில் இறங்கியிருக்கிறது.