மடியும் தொலைபேசியும் மலையகத்தின் வருமானமும்

புத்தகம் போல விரித்து மடிக்கக்கூடிய கையடக்கத் தொலைபேசிகள் இன்று மலையக இளைஞர்களின் பேச்சிலும் இடம்பிடித்துள்ளன. கொழும்பில் தொழில் புரியும் பிள்ளைகளும் மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் திரும்புவோரும் இவ்வாசையைக் கந்தப்பளை வரை கொண்டு வருகின்றனர். ஆசைப்படுவது குற்றமன்று. ஆயினும் தவணைக் கட்டணத்திலேனும் வாங்கிவிடலாம் என எண்ணுவோர் முதலில் கணக்குப் பார்ப்பது அவசியமாகும்.

2025 ஜூலையில் சாம்சுங் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஃபோல்ட் 7 தொலைபேசியின் அமெரிக்க விலை 1,999 டொலராகும். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என வைத்துக்கொண்டாலும், வரிகள் நீங்கலாகவே ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபா. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கு முன்மொழியப்பட்ட நாட்சம்பளமோ, 200 ரூபா வருகை ஊக்குவிப்பையும் சேர்த்து 1,750 ரூபாவாகும். அதாவது 340 நாட்களுக்கும் மேற்பட்ட உழைப்பு. மாதம் 25 நாட்கள் பெயர் விழுந்தாலும் ஓராண்டுக்கு மேல் செல்லும். அரிசிக்கும் மாவுக்கும் ஒரு சதமேனும் எடுக்காதிருந்தால் மாத்திரமே இக்கணக்குப் பொருந்தும்!

விலை ஒருபுறமிருக்க, பொருளின் இயல்பையும் நோக்க வேண்டும். மடியும் திரை சாதாரண தடித்த கண்ணாடியால் ஆனதன்று. தலைமயிரை விட மெல்லிய கண்ணாடியின் மேல் பிளாஸ்திக் படலம் பொருத்தப்பட்டுள்ளது. இதனால் அதனை நகத்தால் கூட அழுத்த வேண்டாம் எனத் தயாரிப்பாளரே எச்சரிக்கின்றனர். 2019 ஏப்ரலில் முதலாவது ஃபோல்ட் தொலைபேசியைப் பரிசோதிக்கப் பெற்ற செய்தியாளர்களுள் சிலர் அப்படலத்தைப் பாதுகாப்புத் தாள் எனக் கருதி உரித்ததால் திரை பழுதடைந்தது. படலத்தை உரிக்காதவர்களின் தொலைபேசிகள் சிலவும் பழுதடைந்தமையால் விற்பனை செப்டெம்பர் வரை பிற்போடப்பட்டது.

அதன் பின்னர் தொழில்நுட்பம் வெகுவாக முன்னேறியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. ஆரம்பத்தில் இரண்டு இலட்சம் தடவை மடிக்கலாம் என்றனர். ஃபோல்ட் 7இற்கு ஐந்து இலட்சம் என்கின்றனர். நாளொன்றுக்கு நூறு தடவை விரித்தாலும் இரண்டு இலட்சம் ஐந்தாண்டுகளுக்கு மேல் போதுமானது. எனினும் இவை ஆய்வுகூடக் கணக்குகள். இத்தொலைபேசி பெற்றுள்ள ஐ.பி. 48 தரத்தின் பொருளைக் கவனிப்போர் குறைவு. 8 என்பது நீரில் மூழ்குவதைத் தாங்கும் திறன். ஆகவே நமது மழையும் பனிமூட்டமும் பெரிய பிரச்சினையல்ல. 4 என்பதோ ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துணிக்கைகளை மாத்திரமே தடுக்கும். கந்தப்பளையில் லீக்ஸ், கரட் தோட்டங்களில் கைகளில் ஒட்டும் மண் அதனினும் நுண்ணியது. அது கீலுக்குள் புகுந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உட்திரை உடைந்தால் மேற்கண்ணாடியை மாத்திரம் மாற்றிக்கொள்ளவும் முடியாது. முழுத் திரையையும் மாற்ற நேரிடும்.

பிரயாணத்தின்போது கணக்குகளையும் ஆவணங்களையும் அடிக்கடி பார்க்க வேண்டிய வர்த்தகருக்கு விரிந்த திரை பயன் தரலாம். மாணவருக்குப் பெரிய திரை தேவையெனின், அதே தொகையில் ஒரு நல்ல தொலைபேசியையும் மடிக்கணினியையும் வாங்கி மீதமும் பிடிக்கலாம்.

விலை குறைவென்று பாவித்ததை வாங்க முனைவோர், திரை முழுமையாக விரிகிறதா, மடிப்பு ஓரத்தில் படலம் எழும்பியுள்ளதா, கீல் நெருடுகிறதா எனக் கடையிலேயே பார்க்க வேண்டும். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவுள்ளதா என உறுதிசெய்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.