கியர்த் தண்டு நீண்ட கதை



பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் தன் நோட்டுப் புத்தகத்தின் மேலுறையை என்னிடம் காட்டினான். அயல்நாட்டுப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய படம் அதில் இருந்தது. கூரையற்ற சிறிய மோட்டார் வண்டி; அதன் பின்சக்கரங்களிலிருந்து புகை எழுகின்றது. வண்டியினின்றும் ஒரு பூதம் எழுந்து நிற்கின்றது. அதற்குப் பிதுங்கிய விழிகள், தொங்கும் நாக்கு. அதன் ஒரு கை தலைக்கு மேல் உயர்ந்து ஒரு நெடிய தண்டின் நுனியிலுள்ள குமிழைப் பற்றியிருந்தது. “ஐயா, கியர் ராடு இவ்வளவு நீளமாக இருந்தால் வண்டி வேகமாக ஓடுமா?” என்று அவன் கேட்டான். நான் சற்றும் தயங்காமல், “ஆம், நெம்புகோல் நீண்டால் ஆற்றல் பெருகும், ஆற்றல் பெருகினால் வேகமும் பெருகும்” என்று கூறிவிட்டேன்.

அந்த விடை முற்றிலும் தவறு. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள். வகுப்பில் எவரும் அதை மறுக்கவில்லை. தலைமையாசிரியரை யார் மறுப்பார்? அம்மாணவன் இப்போது ஒரு மோட்டார்ப் பணிமனையில் வேலை செய்வதாகக் கேள்வி. அவனுக்கு நான் பட்ட கடனை இன்று உங்கள் முன்னிலையில் தீர்க்க முயல்கிறேன்.

முதலில் அப்படத்தில் இருந்த வண்டி எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். நம் ஓட்டுநர்கள் ‘கியர் ராடு’ என்று சொல்வதை நினைத்துக்கொண்டு, அத்தண்டினால்தான் இப்பெயர் வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பழைய மலிவான காரை வாங்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றி எறிந்து, எஞ்சினை வலுப்படுத்தி, வேகத்திற்கென்றே மாற்றியமைத்த முழு வண்டிக்கே அப்பெயர். அது பிறந்து வளர்ந்த இடம் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா.

ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார் 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்யப்பட்டது. ஆகவே பழைய இரும்புக் கடைகளில் அது குவிந்து கிடந்தது. வியப்பு என்னவென்றால், அந்த வண்டியில் இன்று நாம் அறிந்த கியர்த் தண்டே கிடையாது! முன்னோக்கிச் செல்ல இரண்டு கியர்கள்; அவற்றைக் கால்மிதியாலேயே மாற்றினர். பின்னோக்கிச் செல்வதற்கும் தனியே ஒரு மிதி உண்டு. ஓட்டுநரின் இடப்புறம் இருந்த கைத்தண்டு பிரேக்குக்கும் கிளட்சுக்கும் உரியது. அதற்கடுத்து 1927-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘மாடல் ஏ’ காரில்தான் மூன்று கியர்களும், தரையினின்றும் எழும் தண்டும் ஃபோர்டு வாங்குவோருக்குக் கிடைத்தன. 1932-இல் எட்டு சிலிண்டர்களை ‘வி’ வடிவில் அமைத்த 65 குதிரைத் திறன் எஞ்சின் வந்தது. அத்தகைய எஞ்சின் அதுவரை பெரும்பாலும் செல்வர்களின் கார்களிலேயே இருந்தது. இளைஞர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இனி, தண்டு ஏன் நீண்டிருந்தது என்ற கேள்விக்கு வருவோம்.

கியர்ப்பெட்டிக்குள் சிறிதும் பெரிதுமான பல்சக்கரங்கள் உள்ளன. 1890-களில் பிரான்சு நாட்டின் பனார்-லெவாசோர் நிறுவனத்தார் கையாண்ட முறைப்படி, ஒரு சக்கரத்தை அதன் அச்சின்மேல் நகர்த்தி மற்றொன்றின் பற்களோடு பொருத்த வேண்டும். நகர்த்துவதற்குக் கவட்டை போன்ற ஓர் உறுப்பு உண்டு. கியர்த் தண்டின் கீழ்நுனி அக்கவட்டையைத் தள்ளும். மேல்நுனி ஓட்டுநரின் கையில் இருக்கும். இடையில் ஒரு பந்து மூட்டு. அதுவே நெம்புகோலின் ஆதாரப்புள்ளி. இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது பற்கள் பொருந்த மறுத்து உறுமும். அவ்வேகங்களைத் தாமே ஒன்றாக்கும் ‘சிங்க்ரோமெஷ்’ அமைப்பைக் காடிலாக் கார் 1928-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன் கைவலிமையும் காதுப் பழக்கமுமே துணை.

கரும்பலகையில் எழுதுவதுபோல ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் கொண்டவை. மூட்டிற்குக் கீழே தண்டு 5 செ.மீ., மேலே 30 செ.மீ. என்க. விகிதம் ஆறு. கவட்டையை நகர்த்த 30 கிலோ எடைக்கு நிகரான விசை தேவையானால் கையால் 5 கிலோ அளவுக்குத் தள்ளினால் போதும். ஆனால் கவட்டை 1 செ.மீ. நகர்வதற்குக் கை 6 செ.மீ. செல்ல வேண்டும். இப்போது மேல்பாகத்தை 60 செ.மீ. ஆக்குங்கள். விசை இரண்டரைக் கிலோவாகக் குறையும். கை செல்ல வேண்டிய தூரமோ 12 செ.மீ. ஆகிவிடும். விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே விடைதான். கடப்பாரை நீண்டால் பாறை எளிதாக அசையும். ஆனால் அசைப்பவன் நெடுந்தூரம் குனிய வேண்டும் அல்லவா?

ஆகவே நீண்ட தண்டு ஆற்றலைப் பெருக்குவதில்லை. உழைப்பை நீட்டி இலேசாக்குகிறது, அவ்வளவே. வேகத்தைப் பெருக்குகிறதா என்றால், கியர் மாற்றும் நேரத்தை நீட்டுவதால் அதைக் கெடுக்கவே செய்யும். நான் சொன்ன இரண்டு பிழைகளும் இவைதாம்.

ஆயினும் அக்காலப் பொறியாளர் அறியாமையால் தண்டை நீட்டவில்லை. அன்றைய கார்களில் இருக்கை நாற்காலிபோல் உயர்ந்திருந்தது. கியர்ப்பெட்டியோ எஞ்சினை ஒட்டி, முன்புறத்தில், தரைப்பலகைக்கு அடியில் கிடந்தது. அங்கிருந்து ஓட்டுநரின் கை எட்டுமிடத்திற்கு, அதுவும் ஸ்டியரிங் சக்கரத்தின் அருகே குமிழைக் கொண்டுவர வேண்டுமென்றால், தண்டு நீண்டும் வளைந்தும் வரத்தான் வேண்டும். பேருந்தில் ஓட்டுநருக்கருகே அமர்ந்து சென்றவர்கள், தரையிலிருந்து வளைந்தெழுந்து அதிர்ந்துகொண்டே இருக்கும் தண்டைக் கண்டிருப்பீர்கள். அதன் காரணமும் இதுவே.

இனி ஹாட் ராட் இளைஞர்கள் செய்ததைப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பைக் குறைக்கவும், வண்டி நிலத்தோடு நிலமாகத் தோன்றவும், அவர்கள் காரின் உடலை அடிச்சட்டத்தின் இருபுறமும் கீழே இறக்கிப் பொருத்தினர். உடல் இறங்கியது, இருக்கை இறங்கியது, ஓட்டுநரும் இறங்கினார். ஆனால் கியர்ப்பெட்டி அடிச்சட்டத்தோடு பிணைந்தது, அது இறங்கவில்லை. விளைவு? எவரும் ஓர் அங்குலமும் நீட்டாமலே தண்டு ஓட்டுநரின் முன் உயர்ந்து நின்றது! ஆறு அங்குலம் உடலை இறக்கினால் தண்டு ஆறு அங்குலம் வளர்ந்தது போலாகும். குளத்தில் நீர் வற்றும்போது படித்துறைத் தூண் வளர்வதுபோலத் தோன்றும் அல்லவா, அதுபோல என்று கொள்க. நெடிய தண்டின்மேல் இளைஞர்களின் கண் முதலில் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

கார்த் தொழிற்சாலைகளோ எதிர்த்திசையில் சென்றன. 1938 முதல் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் கியர்த் தண்டு தரையை விட்டு ஸ்டியரிங் தூணுக்கு ஏறியது. முன்னிருக்கையில் மூவர் தாராளமாக அமரலாம் என்பது அதன் பயன். 1957 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த அமைப்பும் அதுவே. ஃபோர்டு 1940-ஆம் ஆண்டுக் கார்களில் இதனை மேற்கொண்டது. தூணிலிருந்து பல இணைப்புக் கம்பிகள் வழியே கியர்ப்பெட்டிக்குச் செய்தி போக வேண்டும். மூட்டுகள் தேய்ந்துவிட்டால் விரைந்து மாற்றும்போது சிக்கிக்கொள்ளும். பந்தயக்காரருக்கு இது பிடிக்குமா? தரைத்தண்டோடு கூடிய 1939-ஆம் ஆண்டு ஃபோர்டு கியர்ப்பெட்டியை அவர்கள் தேடித் தேடி வாங்கினர். அதனுள் லிங்கன் செஃபிர் காரின் பல்சக்கரங்களைப் பொருத்திக்கொள்வதும் வழக்கமாயிற்று. இவ்வாறு தரையினின்றெழும் தண்டு ஒரு சின்னம் ஆயிற்று. ‘இது கடையில் வாங்கியபடியே ஓட்டும் கார் அன்று, என் கையால் செய்தது’ என்பதே அச்சின்னத்தின் பொருள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் செல்ல மனமில்லை. இவர்கள் ஓட்டிய ஓட்டம் விளையாட்டன்று. ஊர்த்தெருக்களில் போட்டியிட்டு உயிரிழந்தவர் உண்டு, காவலர் துரத்தினர், பத்திரிகைகள் பழித்தன. அவர்களுள் அறிவுடையோர் என்ன செய்தனர்? ஊரைவிட்டு நீங்கி, மொஹாவி பாலைவனத்தில் நீர் வற்றிய ஏரிகளின் கெட்டித் தரையில் ஓட்டினர். முரோக், எல் மிராஜ் என்பன அவற்றுள் புகழ்பெற்றவை. 1937-இல் தெற்குக் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் தோன்றி விதிகளை வகுத்தது. போர் வந்தது, 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. முரோக் ஏரி இராணுவ விமானத்தளம் ஆயிற்று. போர் முடிந்து, எஞ்சின்களைக் கையாளக் கற்றுத் திரும்பிய இளைஞர்களுக்கு 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழ் பிறந்தது. அதன் ஆசிரியராக விளங்கிய வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் நடந்ததைக் கால் மைல் நீளமுள்ள, கண்காணிப்புள்ள ஓடுபாதைக்குள் கொண்டுவருவதே அவர் நோக்கம். 1953-இல் பொமோனா நகரில் அச்சங்கத்தின் முதல் முறையான பந்தயம் நடந்தது. ஒரு தலைமையாசிரியன் என்ற முறையில் இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியையே. அடக்குமுறையால் ஆகாததை ஓர் இடமும் ஒரு விதிப்புத்தகமும் செய்துகாட்டின.

ஆனால் கால் மைல் ஓட்டத்தில் ஒரு நொடியின் சிறு பகுதியும் பொன்னானது. அங்கே கை 12 செ.மீ. செல்ல நேரம் ஏது? ஆகவே மெய்யான பந்தயக்காரர் தண்டைக் குறுக்கினர். ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பார் இறுக்கமான, குறுகிய வீச்சுடைய கியர்த் தண்டுகளைச் செய்து பெயர் பெற்றார். 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. காரில் அவருடைய தண்டே தொழிற்சாலையிலிருந்து பொருத்தப்பட்டு வந்தது. இத்தோடு நெடிய தண்டு மறைந்திருக்க வேண்டும். அது மறையவில்லை. அதைக் காத்தவர் ஓர் ஓவியர்.

எட் ராத் என்பவர் அவர். ‘பிக் டாடி’ என்று அழைக்கப்பட்டார். கார்க் கண்காட்சிகளில் அமர்ந்து, கேட்பவர் பனியன்மீது வண்ணத் தூவியால் படம் தீட்டித் தருவார். வண்டியைக் காட்டிலும் பெரிய பூதங்களை அவர் வரைந்தார். பூதம் எழுந்து நிற்கும்போது அதன் கையிலுள்ள தண்டும் கூரையைத் தாண்ட வேண்டுமே! மிகைப்படுத்தலே கேலிச்சித்திரத்தின் இலக்கணம். என் மாணவனின் நோட்டில் இருந்தது இந்த மரபில் வந்த படமே. ‘ராட் ஃபிங்க்’ என்னும் எலிப்பூதம் 1960-களில் பிளாஸ்டிக் பொம்மையாகவும் வந்தது. ராத் கார்களையும் கட்டினார். 1961-இல் அவர் முடித்த ‘பீட்னிக் பண்டிட்’ காரில் ஸ்டியரிங் சக்கரமே இல்லை. நடுவிலிருந்த ஒரே கைத்தண்டால் திருப்புதலும் செலுத்துதலும் நிறுத்துதலும் நடைபெறும். 1968-இல் ‘ஹாட் வீல்ஸ்’ பொம்மைகள் முதன்முதல் வெளிவந்தபோது அந்தப் பதினாறு கார்களுள் இதுவும் ஒன்று.

பின்னர் நடந்ததுதான் விசித்திரம். படம் வண்டியைப் பார்த்து வரையப்பட்டது. இப்போது வண்டி படத்தைப் பார்த்துச் செய்யப்படலாயிற்று. கண்காட்சி வண்டிகளில் தண்டு ஓட்டுநரின் தோளளவு உயர்ந்தது. பழைய ‘டி’ காரின் உடலைக் கொண்ட ஒரு வண்டியால் தொலைக்காட்சியில் புகழடைந்த நார்ம் கிராபோவ்ஸ்கி, மரத்தில் மண்டையோட்டுக் குமிழ்களைச் செதுக்கினார். இன்று அத்தகைய வண்டிகள் பலவற்றில் இருப்பது தானியங்கிக் கியர்ப்பெட்டி. அதற்கு நெம்ப வேண்டிய வேலையே இல்லை. ஒரு கம்பியைச் சிறிது இழுத்தால் போதும். இருந்தும் தண்டு நெடிதாகவே நிற்கிறது. ஆவுடையார்கோயிலின் கருங்கல் கொடுங்கையில் மரச்சட்டங்களையும் ஆணிகளையும் சிற்பி ஏன் செதுக்கினான்? கல்லுக்கு ஆணி தேவையில்லை. பார்ப்பவர் கண்ணுக்குத் தேவைப்பட்டது. கையை மேலே உயர்த்தி, ஒரு பெரிய பொறியைத் தானே ஆள்வதாக உணரும் இன்பம் கணக்கில் வராது. ஆனால் அது பொய்யும் அன்று.

எனக்கு மட்டும் ஒரு குறை உண்டு. மார்புக்கு நேரே நிற்கும் இரும்புத் தண்டு, வண்டி மோதும்போது என்ன செய்யும் என்பதை அந்தப் பூதத்தின் படம் சொல்வதில்லை.

நாளை பணிமனையில் நிற்கும் பழைய லாரி ஒன்றைக் கண்டால், ஓட்டுநர் அண்ணனிடம் இசைவு பெற்று, எஞ்சின் ஓடாத நேரத்தில், ஓர் அளவுகோலைக் கொண்டுபோங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குக் குமிழ் எத்தனை செ.மீ. செல்கிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு ஒரு சிறிய காரிலும் அவ்வாறே அளந்து, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.