வட்ட மேம்பாலத்துக்கு யார் பணம் கட்டுவது?

பெங்களூரு ஜீவனஹள்ளிக்காரர்களுக்கு ஐ.ஓ.சி. ஜங்ஷனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பானசவாடி, மாருதி சேவா நகர், பையப்பனஹள்ளி, கம்மனஹள்ளி என்று நாலா பக்கமும் போகிற வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் அது. அதற்குக் கூப்பிடு தூரத்தில் 2022 ஜூன் மாதம் சர் எம். விஸ்வேஸ்வரய்யா ரயில் முனையம் திறக்கப்பட்டது. 314 கோடி ரூபாய்ச் செலவு, ஏழு நடைமேடைகள், குளிர்சாதன வசதி. ரயில்வே தன் எல்லைக்குள் வேலையை நன்றாகவே செய்தது. எல்லைக்கு வெளியே பயணிக்குக் கிடைத்ததோ பழைய சாலையும் பழைய நெரிசலும்தான். இரவு ரயிலைப் பிடிக்க மூட்டை முடிச்சோடு கிளம்புகிறவர்கள், ரயில் பயண நேரத்தைவிட ஆட்டோ பயண நேரத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள்.

இதைத் தீர்க்க மாநகராட்சி அந்தச் சந்திப்பில் ஒரு வட்ட மேம்பாலத்தைத் திட்டமிட்டது. நாலு பக்கச் சாலைகளும் மேலே ஏறி ஒரு வட்டத்தில் கலந்து, வேண்டிய பக்கம் இறங்கும். மதிப்பீடு சில நூறு கோடி ரூபாய். மேம்பாலம் வேண்டுமா என்று கேட்டால் எங்கள் பகுதியில் பெரும்பாலானோர் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். பணம் யாருடையது என்று கேட்டால்தான் பேச்சு இரண்டாகப் பிரிகிறது.

“சொத்து வரி கட்டுகிறோம், பெட்ரோலுக்கு வரி கட்டுகிறோம், வண்டி வாங்கும்போது சாலை வரி கட்டுகிறோம். அரசு கட்டித்தரட்டும்” என்பது ஒரு கட்சி. “பாலம் வந்தால் நிலத்தின் விலை ஏறுவது பில்டருக்கு. அவனே கட்டட்டும்” என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாவது கட்சிக்காரர்கள் பெங்களூரின் முப்பதாண்டு அனுபவத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ‘பில்டர் பணத்தில் சாலை’ என்ற யோசனையை இந்த ஊர் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. அதன் பெயர் நைஸ் சாலை.

1995 பிப்ரவரியில், தேவகவுடா முதலமைச்சராக இருந்தபோது, பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே ஒரு அதிவேகச் சாலை போட கர்நாடக அரசு தனியார் கூட்டமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டது. 1997இல் விரிவான ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 111 கிலோமீட்டர் அதிவேகச் சாலை, பெங்களூரைச் சுற்றி 41 கிலோமீட்டர் புறவட்டச் சாலை, நகருக்குள் வர ஓர் இணைப்புச் சாலை, வழியில் ஐந்து புதிய நகரியங்கள். அரசு கஜானாவிலிருந்து பணம் போகாது, தனியார் போட்டுத் தருவார்கள், சுங்கம் வசூலிப்பார்கள், நகரியங்களில் மனை விற்றுச் சம்பாதிப்பார்கள் என்பதுதான் கணக்கு. கேட்க அழகாக இருந்தது. ஒப்பந்தத்தில் அரசு தர ஒப்புக்கொண்ட நிலம் 20,193 ஏக்கர். அதில் ஏறத்தாழ 13,000 ஏக்கர் தனியார் நிலம், அதாவது பெரும்பகுதி விவசாயிகளிடமிருந்து கையகப்படுத்த வேண்டிய நிலம்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. எவ்வளவு நிலம் சாலைக்கு, எவ்வளவு நிலம் வியாபாரத்துக்கு என்பதில் வழக்குமேல் வழக்கு. 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திட்டத்தை உறுதி செய்தது, ஒப்பந்தத்தை நிறைவேற்று என்று அரசுக்குச் சொன்னது. புறவட்டச் சாலை வந்தது. இணைப்புச் சாலை வந்தது. இரண்டு சக்கர வண்டிக்குக்கூடச் சுங்கம் வந்தது. மைசூருக்குப் போகும் அதிவேகச் சாலை மட்டும் சில கிலோமீட்டரோடு நின்றுபோனது. டி.பி. ஜயச்சந்திரா தலைமையிலான சட்டமன்றக் குழு 2016இல் அறிக்கை வைத்தது. தேவைக்கு மேற்பட்ட நிலத்தை அரசு திரும்பப் பெற வேண்டும் என்றது. ஒப்பந்தப்படி கான்கிரீட் போடாமலே சுங்கம் வசூலிக்கப்படுவதையும் சுட்டிக்காட்டியது.

மைசூருக்குச் சாலை வராமலா போயிற்று? வந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சுமார் 8,500 கோடி ரூபாயில் 118 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியது, பிரதமர் 2023 மார்ச் 12 அன்று மண்டியாவில் திறந்து வைத்தார். தனியார் பணத்தில் வருவதாகச் சொன்ன சாலை, கால் நூற்றாண்டு கழித்து பொதுத் திட்டமாகவே வந்தது. அந்தக் கால் நூற்றாண்டும் பழைய ஒப்பந்தத்துக்காக நிலத்தை விற்கவும் முடியாமல், நிம்மதியாக உழவும் முடியாமல் தவித்த விவசாயக் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? பில்டர் பணத்தில் சாலை என்றார்கள். நடந்ததில் பெரிய முதலீடு நிலம், அந்த நிலத்தைத் தேடிக் கொடுத்தது அரசு. நான் இந்த விவகாரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் அடங்கவில்லை.

சரி, அரசுப் பணத்தில் கட்டினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? கோரமங்களா பக்கம் போனவர்களுக்கு ஈஜிபுரா மேம்பாலம் தெரியும். இரண்டரை கிலோமீட்டர்கூட முழுதாக இல்லாத பாலம். 2017இல் ஆரம்பித்தார்கள். 2022இல் ஒப்பந்தக்காரரை நீக்கினார்கள், பிறகு வேறொருவரை நியமித்தார்கள். வெறும் தூண்கள் வருஷக்கணக்காக வானத்தைப் பார்த்து நின்றன. அதற்கும் நம் வரிப்பணம்தான்.

அரசுப் பணத்தில் இன்னொரு அநியாயம் உண்டு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. வெளிவட்டச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு வளர்ச்சி ஆணையம் அறுபது கிலோமீட்டர் சுற்றளவில் பொதுப் பணத்தில் போட்ட சாலை. லாரிகள் ஊருக்குள் வராமல் சுற்றிப் போவதற்காகத்தான் போட்டார்கள். சில வருஷங்களிலேயே கே.ஆர். புரத்திலிருந்து சில்க் போர்டு வரை சாலையின் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஏக்கர் கணக்கில் தரிசாகக் கிடந்த நிலம் சதுர அடிக் கணக்கில் விலைபோனது. அந்த விலையேற்றத்தைச் சாலைதான் உண்டாக்கியது, சாலையை உண்டாக்கியது பொதுப் பணம். லாபம் போன இடம் வேறு. இப்போது அதே சாலையின் நெரிசலைத் தீர்க்க மெட்ரோ கட்டுகிறோம், அதற்கு வெளிநாட்டு வங்கிகளிடம் கடன் வாங்குகிறோம். ஜீவனஹள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிற ஆட்டோ ஓட்டுநரும் அந்தக் கடனில் பங்காளி.

ஆகவே, சாலையால் யாருடைய நிலத்தின் விலை ஏறுகிறதோ அவர் பங்கு தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்படித் தர வேண்டும், பதிலுக்கு என்ன பெற வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2025இல் பெங்களூரில் சூடாகப் பேசப்பட்ட ஒரு விஷயம் இதற்கு நல்ல பாடம். பெல்லந்தூர் பக்கம் வெளிவட்டச் சாலையை ஒட்டிப் பிரஸ்டீஜ் குழுமம் ஒரு டெக் பார்க் கட்டுகிறது. அதற்கு வழியாக ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் மேம்பாலத்தைத் தாமே கட்டிக்கொள்ள அரசிடம் அனுமதி பெற்றார்கள். முதலில் 2022இல் பேசப்பட்ட ஏற்பாட்டில் செலவுக்குப் பதிலாக டி.டி.ஆர். என்ற கட்டட உரிமைப் பத்திரம் கொடுப்பதாக இருந்தது. பிறகு அது கைவிடப்பட்டு, முழுச் செலவும் நிறுவனத்தினுடையது, கரியம்மன அக்ரஹாரச் சாலையையும் அவர்களே அகலப்படுத்த வேண்டும், பாலம் பொதுமக்களுக்கும் திறந்திருக்கும் என்றானது. இரண்டாவது ஏற்பாடு முதலாவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது: அந்தப் பகுதியில் முதலில் மேம்பாலம் வேண்டிய இடம் அதுதானா? அந்த முடிவை எடுத்தது போக்குவரத்து ஆய்வா, பணம் வைத்திருப்பவரின் வாசலா? காசு கொடுப்பவரே வரைபடத்தில் கோடும் போட்டால், காசில்லாத பேட்டைகளுக்குப் பாலம் வரவே வராது. ஜீவனஹள்ளிக்கு எந்த டெக் பார்க்கும் மேம்பாலம் கட்டித்தரப் போவதில்லை.

டி.டி.ஆர். என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலைக்காக உங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு, ரொக்கத்துக்குப் பதிலாக, வேறிடத்தில் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளும் உரிமையைப் பத்திரமாகத் தருவார்கள். அதை நீங்கள் பில்டரிடம் விற்கலாம். கஜானாவிலிருந்து பைசா போகாதது போலத் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் மாடிகள் எங்கோ ஒரு தெருவில் எழும். அந்தத் தெருவின் தண்ணீரும் சாக்கடையும் போக்குவரத்தும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். பெங்களூரு அரண்மனை மைதான வழக்கைப் பாருங்கள். பல்லாரி சாலையையும் ஜயமஹால் சாலையையும் அகலப்படுத்த எடுக்க நினைத்த நிலம் பதினாறு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி டி.டி.ஆர். மதிப்பைக் கணக்கிட்டபோது அது 3,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு தர முடியாது என்று மாநில அரசு 2025 ஜனவரியில் அவசரச் சட்டமே கொண்டுவந்தது. ‘இலவசம்’ என்று நினைத்த பத்திரத்தின் உண்மை விலை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான, சுத்தமான உதாரணமும் இதே ஊரில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோவில் எலெக்ட்ரானிக் சிட்டியின் கோணப்பன அக்ரஹார நிலையத்துக்கு இன்ஃபோசிஸ் அறக்கட்டளை 200 கோடி தருவதாக ஒப்பந்தம் போட்டது. ஹெப்பகோடி நிலையத்துக்கு பயோகான் அறக்கட்டளை 65 கோடி. ரயில் எங்கே போக வேண்டும், நிலையம் எங்கே நிற்க வேண்டும் என்பதை மெட்ரோ நிறுவனம் முடிவு செய்தது. பணம் கொடுத்தவர்களின் பெயர் பலகையில் ஏறியது. கோடு போட்ட கை பொதுக் கை, காசு கொடுத்த கை தனியார் கை. இந்தப் பிரிவினைதான் முக்கியம்.

“பில்டர் மேல் போட்டால் அவர் பிளாட் வாங்குகிறவர் மேல் போடுவாரே?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. எப்போது போடுகிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது. இந்தப் பகுதியில் சதுர மீட்டருக்கு இவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், நிலம் வாங்கும்போதே பில்டர் அதைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். சுமையின் பெரும்பகுதி, சாலையால் விலையேறிய அந்த நிலத்தின் உரிமையாளர்மேல் போய் விழும், அதுதான் நியாயமும். நிலம் கைமாறி, பாதி பிளாட் விற்ற பிறகு திடீரென்று கட்டணம் போட்டால், அது மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிற குடும்பத்தின் தலையில்தான் விடியும்.

அளவு மீறுவதும் கூடாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுன்டியில், தன் சொந்த நிலத்தில் ஒரு சின்ன வீட்டை வைக்க அனுமதி கேட்ட முதியவரிடம் சாலைக் கட்டணமாக 23,420 டாலர் வாங்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டமன்றம் போட்ட கட்டணம் என்பதாலேயே அது சோதனையிலிருந்து தப்பிவிடாது என்று தீர்ப்பளித்தது. ஒருவர் சாலைமேல் ஏற்றும் சுமைக்கும் அவரிடம் வாங்கும் பணத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்து மகனுக்காக ஒரு மாடி எழுப்புகிற ஜீவனஹள்ளிக் குடும்பத்தையும், இருநூறு பிளாட் கட்டுகிற நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கர்நாடகத்துக்கு இதற்குப் புதுச் சட்டமெல்லாம் வேண்டியதில்லை. நகர, ஊரமைப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு, கட்டட அனுமதி கொடுக்கும்போது குடிநீர், வளையச் சாலை, குடிசைப் பகுதி மேம்பாடு, மெட்ரோ போன்ற பொதுப் போக்குவரத்து ஆகியவற்றுக்காகச் செஸ்ஸும் சர்சார்ஜும் வசூலிக்க ஏற்கெனவே இடம் தருகிறது. தமிழ்நாட்டிலும் 2007 முதல் உள்கட்டமைப்புக் கட்டணம் உண்டு. இரண்டு மாநிலங்களிலும் குறை ஒன்றுதான். எந்தப் பேட்டையில் வசூலித்த பணம் எந்தப் பேட்டையில் செலவானது என்று சாதாரணக் குடிமகனால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஐ.ஓ.சி. ஜங்ஷன் மேம்பாலத்துக்கு என் கணக்கு இதுதான். அந்தச் சந்திப்பு ரயில் முனையம் வருவதற்கு முன்பே நெரிசலாகத்தான் இருந்தது. அந்தப் பழைய பாக்கி பொது மக்களுடையது, அதை வரிப்பணத்தில் தீர்ப்பதே முறை. முனையம் கூட்டிய நெரிசலுக்கு ரயில்வே பங்கு தர வேண்டும். பாலம் வருகிறதென்று விலையேறும் நிலத்தில் பெரிய அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் கட்டுகிறவர்கள், முன்கூட்டி அறிவித்த கட்டணத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். டி.டி.ஆர். கூடாது, கூடுதல் மாடி கூடாது, பாலத்தின் ஒரு கை அவர்கள் வாசலில் இறங்கவும் கூடாது. சின்ன வீடுகளுக்கு முழு விலக்கு. வசூலான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வரவு செலவு வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி கலைந்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் ஐந்து புதிய மாநகராட்சிகளும் வந்துவிட்டன. அந்த மாநகராட்சிகளுக்குத் தேர்தல் என்று வந்து, ஓட்டுக் கேட்டு ஜீவனஹள்ளித் தெருவுக்குள் நுழைகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் பாலம் எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். பணம் யாரிடமிருந்து, எவ்வளவு, பதிலுக்கு அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.