நெஞ்சை அழுத்தக் கணினித் திரை மட்டும் கற்றுத்தருமா?

புதுதில்லி:

ஆளந்தியிலிருந்து புனே நகருக்குள் வரும் சாலையில் இருக்கிறது விஷ்ராந்த்வாடி. ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் ஞானேஸ்வரர் பல்லக்குடன் லட்சக்கணக்கான வார்கரிகள் பண்டரிபுரம் நோக்கி நடப்பது இவ்வழியேதான். அந்த நெரிசலில் ஒருவரது இதயத் துடிப்பு நின்றுவிட்டால் 108 வாகனம் வந்து சேரும்வரை காத்திருக்க இயலாது. முதலுதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. பக்கத்தில் நிற்பவர் பள்ளி மாணவரேயாயினும், அந்த நிமிடங்களில் அவரைத்தான் நம்பவேண்டும்.

மத்திய சுகாதார அமைச்சகம் இதனை உணராமலில்லை. 2023 டிசம்பர் 6 அன்று, அப்போதைய அமைச்சர் மன்சுக் மாண்டவியா நாடு தழுவிய உயிர்காப்புப் பயிற்சியைத் துவக்கிவைத்தார். தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் இணையவழியில் நடத்திய அதில் 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்றதாக அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபர் 13 முதல் 17 வரை விழிப்புணர்வு வாரமும் கடைப்பிடிக்கப்பட்டது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அவர்களில் எத்தனை பேரின் கைகள் பழகின என்பதே கேள்வி.

இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட நெறிமுறை, பாமரருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் வேலையே வேண்டாம் என்கிறது. மயங்கியவரின் நிலையை அறிந்து உதவிக்கு அழைப்பது, நெஞ்சை அழுத்துவது, மருத்துவமனைக்கு விரைந்து அனுப்புவது ஆகிய மூன்றே போதும். இந்த வரிசையைக் காணொளியும் கைபேசிச் செயலியும் செவ்வனே கற்பிக்கும். பிரிட்டனில் 2013இல் வந்த 'லைஃப்சேவர்' படத்தில், அடுத்து என்ன செய்வது என்பதைப் பார்ப்பவரே தேர்வு செய்யவேண்டும்.

எனினும், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் அழுத்துவதைத் திரை கற்றுத்தராது. அதற்குப் பொம்மை வேண்டும். நார்வேயின் விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால் 1960இல் உருவாக்கிய 'ஆன்' பொம்மையின் வாரிசுகள், அழுத்தம் போதுமா என்பதை இன்று விளக்கொளியிலேயே காட்டிவிடுகின்றன. 13, 14 வயதுச் சிறார் பெரியவர்களைப் போலவே அழுத்த வல்லவர்கள் என்று கார்டிஃப் ஆய்வு 2007இலேயே கூறிவிட்டது. டென்மார்க் 2005இல் சட்டமியற்றிப் பள்ளிகளுக்கு இப்பயிற்சியைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2020 முதல் கட்டாயம்.

இங்கோ சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் திறன் வகுப்பறைகளுக்கு நிதி உண்டு. அதிலேயே வட்டாரத்திற்குச் சில பொம்மைகள் வாங்கிப் பள்ளிதோறும் சுற்றுக்கு விடலாம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர் அரைநாள் வந்து நின்றால் ஒரு வகுப்பே பழகிவிடும்.