உங்களுக்குத் தெரியுமா? பல்லுக்கு முன்னே கம்பி, பின்னே கம்பி

மக்கள் ‘கிளிப்’ என்றழைக்கும் பல் சீரமைப்புக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் என்னும் சிறு துண்டுகளை உதட்டுப் பக்கத்தில் ஒட்டுவதே நெடுநாள் வழக்கமாக இருக்க, அவற்றை நாக்குப் பக்கத்தில் ஒட்டும் முறையை 1970களில் ஜப்பானில் கின்யா ஃபுஜிட்டாவும் அமெரிக்காவில் கிரேவன் கர்ஸும் தனித்தனியே உருவாக்கினர். தற்காப்புக் கலை பயில்வோர் முகத்தில் அடிபடும்போது கம்பி உதட்டைக் கிழிக்காமல் காப்பதே ஃபுஜிட்டாவின் நோக்கமாக இருந்தது.

இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பல்வரிசை இறுதியில் சீராவதில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வேறுபாடு சிகிச்சைக் காலத்தில்தான். உட்புறக் கம்பி அணிந்தோருக்கு நாக்கு உரசிப் புண்ணாவதும், மெல்லுவதில் இடரும், நாநுனி மேற்பல்லின் பின்புறத்தை ஒட்டி எழுப்பும் ‘ஸ்’ போன்ற ஒலிகள் குழறுவதும் தொடக்க வாரங்களில் மிகுதி. முன்புறக் கம்பியிலோ உதடும் கன்னமும் உறுத்தும்.

போதிய அளவு பேசப்படாத பலன் ஒன்றும் உண்டு. பிராக்கெட்டைச் சுற்றிப் படியும் கிருமிப் படலம் சுரக்கும் அமிலத்தால், பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமல் தாதுச்சத்தை இழந்து வெண்புள்ளியாக மாறுவது முன்புறத்திலேயே அதிகம். நாக்குப் பக்கத்தை உமிழ்நீர் நன்கு கழுவுவதால் அங்கே அது குறைவு.

பல்வளைவு உட்புறத்தில் குறுகியிருப்பதால் பிராக்கெட்டுகளின் இடைவெளி சுருங்கி, அதே கம்பி விறைப்பாகச் செயல்படுகிறது. ஆகவே, பல்லின் உட்பரப்பைக் கணினியில் பதிந்து ஒவ்வொரு பல்லுக்கும் தனி பிராக்கெட் வார்க்கும் வழக்கம் பரவியிருப்பதோடு, செலவும் அதற்கேற்பக் கூடுகிறது.