அப்பாரு வாட்ச்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

அப்பாரு தவறியதிலிருந்து பீரோவிலேயே கிடந்த எச்எம்டி ஜனதா வாட்சை அப்பா போன மாதம் எடுத்துக் கொடுத்தார். "சாவி குடுத்தா ஓடுது, பத்து மணி நேரத்துல நின்னு போகுது. புதுசாட்டம் பண்ணிட்டு வா கண்ணு" என்றார். அந்தப் 'புதுசாட்டம்' என்ற சொல்லில்தான் சிக்கலே. இந்த ஒரு மாதத்தில் தேடிப் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே குறித்து வைக்கிறேன். வீட்டில் பழைய வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுடன் 1961-இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதா, கையால் சாவி கொடுக்கும் 17 கல் வாட்ச். மணிக்கு 18,000, அதாவது நொடிக்கு 5 துடிப்பு. வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஜனதா ஒன்றும் அரிய பொருள் இல்லை, லட்சக்கணக்கான வீடுகளில் இருந்ததுதான். அதனாலேயே அதன் மதிப்பு முழுக்க ஒரே விஷயத்தில் நிற்கிறது: தொழிற்சாலையிலிருந்து வந்தது எவ்வளவு அப்படியே மிச்சமிருக்கிறது என்பதில்.

முதலில் போன கடையில், "டயல் பழுத்துப் போச்சு. புது கேஸ், புது டயல், புது முள்ளு போட்டு ஜம்முனு தர்றேன், தொள்ளாயிரம் ஆகும்" என்றார்கள். அன்றைக்குக் கையில் பணம் இருந்திருந்தால் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். பணம் எடுக்க வீட்டுக்கு வந்தவன், சும்மா தேடிப் பார்க்க உட்கார்ந்தேன். நல்லவேளை.

பழைய எச்எம்டி மிஷினை வைத்து, டயலுக்குப் புதிதாக வண்ணம் அடித்து விற்கும் வாட்சுகள் சந்தையில் ஏராளம். சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் ஒரே சீராக இருக்காது, கம்பெனி போடாத நிறங்களெல்லாம் இருக்கும். நம் கையிலுள்ள உண்மையான வாட்சை நாமே காசு கொடுத்து அப்படி ஆக்கிவிடலாம் என்பதுதான் வேடிக்கை.

படித்ததில் எனக்குப் பிடிபட்ட விதி எளிமையானது. திரும்பச் சரிசெய்யக்கூடியதைச் செய். திரும்ப முடியாததைத் தொடாதே.

மிஷினை முழுக்கக் கழற்றிக் கழுவி எண்ணெய் விடுவது அவசியம். பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும், அதோடு ஓட்டினால் அச்சு முனைகள் தேய்ந்துவிடும். மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றலாம். வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம். அதை நீக்க ஒரு நிமிட வேலைதான். பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் இருந்தால் தேய்த்து மெருகேற்றலாம், மாற்றினாலும் பெரிய பாதகமில்லை.

டயலுக்கு வண்ணம் அடிக்கக் கூடாது, துடைக்கவும் கூடாது. முள்ளில் இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ள ரொம்பப் பழைய வாட்சாக இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம், ரேடியமாக இருக்கலாம். கேஸுக்கு பாலிஷ் போடக் கூடாது. பல மாடல்களில் அது பித்தளைமேல் குரோம் பூச்சு. தேய்த்தால் பூச்சு போய் மஞ்சள் தெரியும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், மிஷின் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "ஓடறதை எதுக்குக் கழட்டோணும்? டயலை மாத்துனாப் போதாதா?" என்றார். முப்பது வருஷம் நிட்டிங் பிட்டராக இருந்தவர். "எண்ணெய் இல்லாம மிஷினை ஓட்டினா ஊசியும் சிங்கரும் என்ன ஆகுங்ப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, கழட்டச் சொல்லு" என்றார்.

இரண்டாவதாகக் கண்டுபிடித்த வயதான மெக்கானிக் என் முன்னாலேயே பின்மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறிய மூன்று தேதிகள். சர்வீஸ் செய்தவர்கள் அப்படி எழுதி வைப்பது வழக்கமாம். கடைசித் தேதி 1991. அப்பாரு அதற்குப் பிறகும் பல வருஷம் கட்டியிருந்தார். பனியன் கம்பெனிப் பஞ்சு ஓரத்தில் நூலாகச் சுருண்டு கிடந்தது. முதல் கடைக்காரர் கேஸை மாற்றியிருந்தால் இந்த மூன்று தேதிகளும் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இப்போது முழுச் சாவிக்கு ஒன்றரை நாள் ஓடுகிறது. நாளுக்கு இருபது நொடி வேகம், இந்த வயசுக்கு அது போதும். டயலில் ஆறாம் எண் பக்கம் இருந்த கறை அப்படியே இருக்கிறது. அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சாயப்பட்டறையில வேலை செஞ்சப்ப வந்தது. அப்ப நான் நாலாவது படிச்சுட்டிருந்தேன்" என்றார். மூடிக்குள் நான்காவது தேதியாக இந்த வருஷம் சேர்ந்திருக்கிறது.